99 சதவீதம் பொருந்தினால் போதுமா?

கடல்நீரை வடிகட்டி, டி.என்.ஏ. எடுத்து, வரிசையைப் படித்துத் தரவுத்தளத்தில் போட்டால் டயாட்டத்தின் (சிலிக்கா ஓடு கொண்ட ஒற்றைச் செல் பாசி) பெயர் வந்துவிடும், இனி நுண்ணோக்கி முன் கண் வலிக்க உட்கார வேண்டாம். ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிற பலரும் இந்த நம்பிக்கையோடுதான் வருகிறார்கள். பெயர் வருவது உண்மைதான். அந்தப் பெயரை யார், எதைப் பார்த்து அங்கே எழுதினார் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

பெயர் மாறினால் என்ன ஆகும்? 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு மட்டிகளைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். சிலர் இறந்தார்கள், சிலருக்கு நினைவாற்றல் போனது. காரணம் டோமோயிக் அமிலம். அதைச் சுரந்த டயாட்டத்துக்கு இன்றைய பெயர் சூடோ-நிட்சியா மல்ட்டிசீரிஸ். அதன் நெருங்கிய உறவான பஞ்சென்ஸ் பெரும்பாலும் நஞ்சில்லாதது. சாதாரண நுண்ணோக்கியில் இரண்டும் நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த ஊசிச் சங்கிலிகள்தான். அமிலத்தில் கழுவி, சிலிக்கா ஓட்டை மட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்: ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் பஞ்சென்ஸுக்கு இரண்டு வரிசைத் துளைகள், மல்ட்டிசீரிஸுக்கு மூன்று, நான்கு அல்லது அதற்கும் மேல்.

ஒவ்வொரு மாதிரிக்கும் இதைச் செய்ய முடியாது. அதனால்தான் ஒப்பீட்டு வரிசைகள், அதாவது பெயர் உறுதியான உயிரியிலிருந்து படித்து வைத்த டி.என்.ஏ. வரிசைகள். ஆனால் ஒரு நல்ல ஒப்பீட்டு வரிசையை உண்டாக்க மறுபடி அதே நுண்ணோக்கிக்குத்தான் போக வேண்டும். கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி மயிரிழையாக இழுத்து, அதில் ஒரே ஒரு சங்கிலியை உறிஞ்சி, சுத்தமான கடல்நீர்த் துளிகளில் மாற்றி மாற்றிக் கழுவுவோம். கண்ணுக்குத் தப்பிய ஒரு சிறு கசையிழை உயிரி கூடவே வந்துவிட்டால் போச்சு, டயாட்டத்தை முந்திக்கொண்டு குழாய் முழுவதையும் அது நிரப்பிவிடும். தப்பிப் பிழைத்து வளர்ந்த வளர்ப்பில் ஒரு பங்கு டி.என்.ஏ.வுக்கு, ஒரு பங்கு எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு. இரண்டையும் சேர்ந்தாற்போல் எடுப்பது முக்கியம். மூடி போட்ட டப்பா மாதிரி இருக்கும் ஓடு, செல் பிரியும்போது இரண்டாகக் கழன்று, ஒவ்வொரு பாதிக்கும் உள்ளே அடங்கும் ஒரு புதுப் பாதி உருவாகும். ஆக, தலைமுறைக்குத் தலைமுறை சராசரி அளவு குறைந்துகொண்டே போகும். நெடுநாள் வளர்ப்பில் செல்கள் குட்டையாகி, கோணலும் ஆகும். அப்போது எடுத்த படத்தை வைத்துச் சிற்றினம் சொல்வது வம்பு.

டி.என்.ஏ.வில் எந்தப் பகுதியைப் படிப்பது என்பது அடுத்த தலைவலி. ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கான 18எஸ் மரபணுவில் வி4 என்ற பகுதிக்கு ஒப்பிட ஏராளமான வரிசைகள் இருக்கின்றன. ஆனால் சில சூடோ-நிட்சியா சிற்றினங்களை அது பிரித்துக் காட்டாது. 99 சதவீதப் பொருத்தம் வந்தும் சிற்றினம் வேறாக இருக்கலாம். ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையே இருக்கும் ஐ.டி.எஸ். பகுதி நன்றாகப் பிரிக்கும். ஆனால் ஒரே செல்லுக்குள்ளேயே அதன் பல நகல்கள் தங்களுக்குள் வேறுபடுவதுண்டு. வரிசை படிக்கும் கருவி தரும் வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு முகடுகள் எழும்பி நிற்கும், எந்த எழுத்தைப் படிப்பது? பசுங்கணிகத்தில் இருக்கும் ஆர்பிசிஎல் மரபணு இடைப்பட்டது. ஒரு வளர்ப்புக்குக் குறைந்தது இரண்டு பகுதிகளாவது வேண்டும் என்று நான் அடம்பிடிப்பேன், செலவுக் கணக்கு பார்ப்பவர்கள் முகம் சுளித்தாலும்.

இன்னொரு சிக்கல், பழைய பதிவுகள். ஸ்கெலட்டோனீமா கோஸ்டேட்டம் என்று காலங்காலமாக அழைத்துவந்த டயாட்டம் பல சிற்றினங்களின் கலவை என்பது 2005 வாக்கில் வெளியான ஆய்வுகளில் தெளிவானது. ஜென்பேங்க் என்ற பொது டி.என்.ஏ. தரவுத்தளத்தில் ஒரு பதிவின் பெயரைத் திருத்துவது பொதுவாக அதைச் சேர்த்தவர் கையில். அவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தால் பழைய பெயர் அப்படியே நிற்கும், தேடுபவருக்கு முதல் பொருத்தமாக அதுவே வந்தும் நிற்கும். அதனால் எங்களிடம் சந்தேகப் பதிவுகளுக்கென்று தனிப் பட்டியல் ஒன்று உண்டு. ஓட்டின் படமோ வளர்ப்பு எண்ணோ இல்லாதவை எல்லாம் அதில் ஏறும். புதிதாகச் சேர்பவர்களுக்குப் பிப்பெட்டுக்கு முன்பே அதைத்தான் கொடுக்கிறோம்.