சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: வெளிநாட்டு ஷிப்பிங்கில் எங்கே குறைக்கலாம்

20 டாலர் லென்ஸுக்கு 45 டாலர் ஷிப்பிங் என்று திரையில் காட்டினால், அமெரிக்கா அவ்வளவு தூரம், வேறென்ன செய்ய என்று பலரும் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் அந்த 45 டாலரில் பெரும்பங்கு செல்லர் எடுக்கும் பெட்டியாலும், அவர் டிக் செய்து வைத்திருக்கும் சேவையாலும் வருவது. இரண்டையும் பணம் கட்டும் முன் பேசி மாற்றலாம். லேபிள் ஒட்டியபின் யாரிடம் கேட்டும் பயனில்லை.

முதலில் பெட்டி. டிஎச்எல், ஃபெடெக்ஸ், யூபிஎஸ் போன்ற எக்ஸ்பிரஸ் கூரியர்கள் தராசு காட்டும் எடையோடு நிற்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுக்கிறார்கள். அதுவா, உண்மை எடையா, எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். பொதுவாக அதையும் அடுத்த அரை கிலோவுக்கு ஏற்றுவார்கள். 900 கிராம் பொருளை 35 × 25 × 15 பெட்டியில் போட்டால் 13,125 ÷ 5000 = 2.625, அதாவது 3 கிலோ காசு. அதே பொருள் 30 × 20 × 10 பெட்டியில் 1.2 வரும், கட்டுவது 1.5 கிலோவுக்கு. பொருளில் ஒரு கிராம்கூட குறையவில்லை, கட்டணத்துக்கான எடை மட்டும் பாதியாகிவிட்டது. அளவு எடுப்பது பெட்டியின் வெளிப்பக்கம். நடுவில் உப்பியிருந்தால் உப்பிய இடத்தில்தான் அளப்பார்கள். ஆகவே பெட்டி சப்பையாக, விளிம்பு நேராக இருக்கட்டும். ஆனால் கண்ணாடி, பீங்கான் பொருளுக்குச் சுற்றிலும் 5 செ.மீ. பஞ்சோ குமிழ் உறையோ இல்லாமல் பெட்டியைச் சுருக்கச் சொல்லாதீர்கள். லென்ஸ் அட்டைச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால், பார்சல் விழும் முதல் அடியே நேராக அதன் மேல்தான் விழும்.

அடுத்தது சேவை. அமெரிக்கச் செல்லர்களில் பலர் பழக்கத்தில் அமெரிக்க அஞ்சல் துறையின் பிரையாரிட்டி மெயில் இன்டர்நேஷனலையே வைத்திருப்பார்கள். சின்னப் பொருளுக்கு அது தேவையில்லை. அதே அஞ்சல் துறையின் ஃபர்ஸ்ட்-கிளாஸ் பேக்கேஜ் இன்டர்நேஷனலில் 4 பவுண்டு (சுமார் 1.8 கிலோ) வரை, 400 டாலர் மதிப்பு வரை அனுப்பலாம். நீளம், அகலம், உயரம் கூட்டினால் 36 அங்குலம் தாண்டக்கூடாது. கன அளவுக் கணக்கு இதில் கிடையாது. கட்டணம் 8, 32, 48, 64 அவுன்ஸ் என்று படிப்படியாக ஏறும். 32 அவுன்ஸ் என்பது 907 கிராம். 920 கிராம் பார்சல் அடுத்த படிக்குப் போய்விடும். கூடவே வரும் தடித்த கையேட்டை எடுத்துவிட்டாலே அந்தப் படி மிச்சம்.

செல்லருக்கு எழுதும்போது "ஷிப்பிங் குறைக்க முடியுமா" என்று கேட்டால் முடியாது என்றே பதில் வரும். பெட்டி கட்டியபின் எத்தனை அவுன்ஸ், என்ன அளவு என்று கேளுங்கள். ஃபர்ஸ்ட்-கிளாஸ் இன்டர்நேஷனலில் அனுப்பி, அதற்கேற்ப இன்வாய்ஸைத் திருத்தித் தர முடியுமா என்று சேவையின் பெயர் சொல்லிக் கேளுங்கள். இரண்டு மூன்று பொருள் வாங்கினால் ஒரே பெட்டியாகக் கட்டச் சொல்லுங்கள். பிரிட்டனிலிருந்து வாங்கினால் அந்நாட்டு அஞ்சல் நிறுவனமான ராயல் மெயிலின் எல்லை 2 கிலோ. அச்சிட்ட புத்தகம் மட்டும் என்றால் 5 கிலோ வரை போகும்.

புத்தகக்காரர்களுக்குத்தான் இழப்பு அதிகம். 2007 மே மாதத்தில் அமெரிக்க அஞ்சல் துறை வெளிநாட்டுக்கான கப்பல் அஞ்சலை நிறுத்தியது. மெதுவாக வந்தாலும் மலிவாக வந்துகொண்டிருந்த வழி அது. உலகெங்கும் இலவசமாக அனுப்பிய புக் டெப்பாசிட்டரி என்ற ஆன்லைன் புத்தகக் கடையும் 2023 ஏப்ரலில் மூடப்பட்டது.

பல கடைகளில் வாங்குபவர்களுக்கு ஃபார்வர்டிங் நிறுவனம் உதவும். அங்கே ஒரு முகவரி தந்து, அதற்கு வரும் பார்சல்களை நமக்கு அனுப்பிவைப்பவர்கள் இவர்கள். அமெரிக்காவில் டெலவேர் அல்லது ஆரிகன் முகவரி தருபவர்களைப் பாருங்கள். அந்த மாநிலங்களில் விற்பனை வரி இல்லை. முதல் அரை கிலோவுக்குத்தான் கட்டணம் கடுமை, அடுத்தடுத்த அரை கிலோ மலிவு. அதனால் எல்லாம் வந்து சேர்ந்ததும் வெளிப்பெட்டிகளை உரித்து ஒன்றாகக் கட்டச் சொல்ல வேண்டும். கருவிக்குள் இல்லாமல் தனியாக வரும் லித்தியம் பேட்டரி, சென்ட் பாட்டில் போன்ற ஒன்று உள்ளே கலந்தால் மொத்தப் பெட்டியும் நின்றுவிடும். அவற்றை இந்த வழியில் வாங்கவே வேண்டாம்.

இனி சுங்கம். இவ்வளவு மதிப்புக்குக் கீழே வரி இல்லை என்ற பொதுவான வரம்பு இந்தியாவில் கிடையாது. ஆகவே பார்சலைப் பிரித்து அனுப்பச் சொல்வதில் லாபமில்லை. கூரியரின் கிளியரன்ஸ் கட்டணம்தான் பெட்டிக்குப் பெட்டி கூடும். 5,000 ரூபாய் வரையான அன்பளிப்புக்கு இருந்த சலுகையும் 2019 டிசம்பரில் போய்விட்டது. ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும்தான் விதிவிலக்கு. "கிஃப்ட் என்று போடுங்கள், மதிப்பைக் குறைத்துக் காட்டுங்கள்" என்று செல்லரிடம் கேட்கவே கூடாது. தவறான விவரம் கொடுத்து வரும் பொருளைச் சுங்கச் சட்டத்தின் 111ஆம் பிரிவின்படி பறிமுதல் செய்யலாம். தொலைந்தாலும் காட்டிய மதிப்புக்குத்தான் இழப்பீடு.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, ஷிப்பிங்கையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்கு. ஆனால் விமானத்தில் வரும் சரக்குக்குச் சேர்க்கும் போக்குவரத்துச் செலவு, பொருளின் எஃப்ஓபி மதிப்பில் (ஷிப்பிங், காப்பீடு சேராத மதிப்பு) 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2007ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளில் 10ஆம் விதி சொல்கிறது. காப்பீட்டுத் தொகை தெரியாவிட்டால் அதற்காக அதே மதிப்பில் 1.125 சதவீதம் சேரும். 50 டாலர் பொருளுக்கு 40 டாலர் ஷிப்பிங் கட்டியிருந்தால், வரிக்கான மதிப்பு 50 + 10 + 0.56, அதாவது 60.56 டாலர், 90 அல்ல. அதன் மேல் சுங்க வரி, பிறகு இரண்டையும் சேர்த்த தொகைக்கு ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி). மதிப்பு தவறாக ஏறினால் ஒவ்வொரு வரியும் ஏறும்.

இது நடக்க, இன்வாய்ஸில் பொருளின் விலையும் ஷிப்பிங்கும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். "ஃப்ரீ ஷிப்பிங்" என்று 90 டாலர் ஒரே தொகையாக வந்தால், முழுத் தொகையையும் பொருளின் விலையாகவே எடுத்துக்கொள்வார்கள். கூரியரில் வந்தால், சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவமான பில் ஆஃப் என்ட்ரியின் நகலைக் கேட்டு வாங்கி, மதிப்பில் ஷிப்பிங் எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வரி கட்டும் முன்பே விதி எண்ணைக் குறிப்பிட்டு மெயில் அனுப்புங்கள். கட்டி முடித்தபின் திரும்ப வாங்குவது நீண்ட வேலை.