தானாக மறைந்த பழுது

அந்த ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் பட்டறைக்கு முதன்முறை வந்தபோது ஒரு குறையையும் காட்டவில்லை. வரிசையாக ஆறு சிலிண்டர்கள், டர்போ, பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள். ஸ்டார்ட் செய்ததும் சீராக ஓடியது. பட்டறையில் ‘மிஸ்ஸிங்’ என்று நாங்கள் சொல்லும் திக்கல் மருந்துக்கும் இல்லை. உரிமையாளர் சொன்ன கதையோ வேறு.

“குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடுகிறது. அரை மணி நேரம் ஓட்டிய பிறகு ஏற்றத்தில் மூன்றாவது கியரில் அழுத்தினால், இன்ஜின் வேகம் நிமிடத்துக்கு 4000 சுழற்சி தாண்டியதும் உதறுகிறது. இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. அதன்பின் மெதுவாகப் போனாலும் உதறல் நிற்பதில்லை. அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது.” ஏற்கெனவே வேறொரு இடத்தில் பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் தரும் ஆறு இக்னிஷன் காயில்களையும் ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றியிருந்தார்கள். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடி, மறுபடி பழைய நிலைக்கே வந்துவிட்டதாம்.

வண்டிக்காரர் சொல்வதை முழுவதுமாகக் கேட்பது பாதி வேலை என்று இத்தனை ஆண்டுகளில் கற்றிருக்கிறேன். இவர் சொன்னதில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் இருந்தது. விளக்கு நிலையாக எரிந்தால் எச்சரிக்கை. விட்டு விட்டு எரிந்தால் அவசரம். எரியாத பெட்ரோலும் பயன்படாத ஆக்ஸிஜனும் சேர்ந்து புகைக்குழாய் வழியாகப் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிகின்றன. அங்குள்ள பீங்கான் தேன்கூடு உருகும் அளவுக்குச் சூடேறலாம். அதைத் தடுக்கத்தான் பல கார்களின் கணினி, திக்கும் சிலிண்டருக்குப் பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது. மீண்டும் ஸ்டார்ட் செய்யும்வரை அந்தச் சிலிண்டர் சும்மா சுற்றும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் மர்மம் இதுதான். பலர் இதைக் கேட்டவுடன் கணினியைச் சந்தேகிப்பார்கள். அது பாவம், தன் கடமையைச் செய்கிறது.

கணினியில் பதிவாகியிருந்த குறியீடு பி0304. நான்காவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். ஒரு சிலிண்டர் எரிந்ததா இல்லையா என்பதைக் கணினி எப்படி அறிகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். சிலிண்டருக்குள் அதற்குக் கண் இல்லை. கிராங்க் ஷாஃப்டோடு சுற்றும் ஒரு பல்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது; பல கார்களில் 60 பல்லுக்கு இடமிருந்து, 2 பல் விட்டு 58 பல் இருக்கும். ஆறு சிலிண்டர் இன்ஜினில் 120 பாகைக்கு ஒருமுறை ஒரு சிலிண்டர் எரிந்து தள்ளுகிறது. ஒன்று எரியாவிட்டால் அந்தத் தள்ளல் வராமல் சக்கரம் இம்மியளவு தாமதிக்கிறது. நிமிடத்துக்கு 6000 சுழற்சியில் நொடிக்கு 300 எரிதல்கள். அதில் எது தவறியது என்று எண்ணிச் சொல்கிறது. ஆனால் எந்தச் சிலிண்டர் என்றுதான் அது சொல்லும். ஏன் என்பதைக் கண்டுபிடிப்பது நம் பொறுப்பு.

நான் வழக்கமான வழியில் தொடங்கினேன். நான்காவது காயிலை இரண்டாவதற்கும், இரண்டாவதை நான்காவதற்கும் மாற்றிப் போட்டேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். மற்றவற்றைவிடச் சற்றுக் கறுத்திருந்தது, இடைவெளி சரியாகவே இருந்தது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று இறுகும் அழுத்தம், ஆறிலும் ஏறக்குறைய ஒன்றுதான். காற்றுப் பாதையில் புகை செலுத்திப் பார்த்தேன், கசிவு இல்லை. காயிலுக்கு வரும் கம்பியில் மல்டிமீட்டர் வைத்தேன், 12.4 வோல்ட். கம்பியின் மின்தடையும் இருக்க வேண்டிய அளவில்தான் இருந்தது. பிறகு ஏற்றப் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். திக்கவில்லை. மறுநாளும் ஓட்டினேன். திக்கவே இல்லை.

அங்கேதான் தவறினேன். கனெக்டர் சரியாக உட்காராமல் இருந்திருக்கும், கழற்றி மாட்டியதில் சரியாகிவிட்டது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உரிமையாளரிடமும் அதையே சொல்லி வண்டியைக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் திரும்பி வந்தார். கோபப்படவில்லை. “அதே இடம், அதே உதறல்” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். முன்பு பாகங்களை மாற்றிய இடத்தில் இரண்டு வாரம் கிடைத்த நிம்மதிக்கும், என்னிடம் கிடைத்த ஐந்து நாளுக்கும் வேறுபாடு எதுவும் இல்லை. இரண்டு இடத்திலும் பழுது ஒளிந்துகொண்டது. இரண்டு இடத்திலும் அதைச் சரி செய்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறோம்.

குறியீடு மீண்டும் பி0304. காயிலோடு பழுது இரண்டாவது சிலிண்டருக்குப் போகவில்லை. அப்படியென்றால் கெட்டது காயில் அல்ல. இந்த முறை வண்டி ஆறும் வரை காத்திருக்கவில்லை. அவர் ஓட்டிவந்த சூட்டோடு அப்படியே எடுத்துக்கொண்டேன். நான்காவது காயிலின் மின்கம்பியைச் சுற்றி மின்னோட்டத்தை அளக்கும் ஒரு கரண்ட் கிளாம்பைக் கவ்வவிட்டு, ஒப்பிட்டுப் பார்க்க ஐந்தாவதிலும் ஒன்றைப் பொருத்தி, அந்த அளவைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். உதவியாளர் ஓட்டினார்.

காயிலுக்குள் மின்னோட்டம் ஏறுவதைத் திரையில் பார்த்தால் சாய்வான ஒரு கோடாகத் தெரியும். உச்சியைத் தொட்டதும் மின்னோட்டம் துண்டிக்கப்பட, அந்தக் கணத்தில் பிளக்கில் பொறி பாயும். ஐந்தாவது சிலிண்டரின் கோடு ஒவ்வொரு முறையும் 8 ஆம்பியர் வரை நேராக ஏறியது. நான்காவதும் முதலில் அப்படித்தான். ஏற்றம் தொடங்கி, டர்போ அழுத்தம் கூடி, முள் 4000-ஐ நெருங்கியபோது நான்காவதன் கோடு தோள் சரிந்ததுபோல் வளைந்து 5 ஆம்பியரிலேயே நின்றது. அடுத்த கணம் வண்டி உதறியது. “அண்ணா, வந்துவிட்டது!” என்று உதவியாளர் கத்தினார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

8-க்குப் பதில் 5 என்றால் பாதிக்கு மேல் இருக்கிறதே என்று தோன்றலாம். காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. 25-ஐ 64-ஆல் வகுத்தால் நாற்பது விழுக்காடுகூட இல்லை. சும்மா நின்று ஓடும்போது அந்தச் சிறு பொறியே போதும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட, பிளக்கின் இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும். ஏற்றத்தில், முழு இழுவையில் மட்டும் திக்கியதற்குக் காரணம் இதுதான்.

வழியில் எங்கோ மின்சாரம் தடைபடுகிறது. மல்டிமீட்டர் ஏன் காட்டவில்லை? அது அளக்கும்போது கம்பியில் ஓடும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. அறுந்த இழைகளின் நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலே அதற்குப் போதும். முழு 12 வோல்ட்டைக் காட்டிவிடும். காயில் கேட்பதோ ஆம்பியர் கணக்கில். ஆகவே 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்து, நான்காவது கனெக்டரின் மின்முனைக்கும் எர்த்துக்கும் நடுவே மாட்டினேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. கம்பியைக் கனெக்டருக்கு இரண்டு விரற்கடை பின்னால் பிடித்து மெல்ல வளைத்தேன். பல்பு மங்கியது. மீட்டர் 9 வோல்ட்டுக்கு இறங்கியது. விட்டால் 12. வளைத்தால் 9. பட்டறையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

மேலுறையைக் கீறித் திறந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறல் இல்லாத கம்பி. உள்ளே செம்பிழைகளில் பெரும்பகுதி அறுந்து, நுனிகள் கறுத்திருந்தன. காயிலைக் கழற்றும்போது கனெக்டரின் பூட்டை விடுவிக்காமல் கம்பியைப் பிடித்து இழுத்தால் இப்படித்தான் ஆகும். அந்த இடத்தில் கம்பியைத் தாங்கும் பிளாஸ்டிக் கொக்கியும் உடைந்திருந்தது. இன்ஜினின் சூட்டிலும் அதிர்விலும் மிச்சம் இருந்தவை ஒவ்வொன்றாய்ப் போயிருக்கின்றன. காயிலை மாற்றிப்போட்ட அன்று நான் கம்பியை அசைத்ததில், நுனிகள் தற்செயலாக நன்றாகப் பொருந்தியிருக்க வேண்டும். அந்த ஐந்து நாள் நிம்மதி அப்படி வந்ததுதான்.

கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, அதே குறுக்களவில் சூடு தாங்கும் கம்பியும் புதிய முனையும் வைத்து, அழுத்தி இறுக்கிக் கிரிம்ப் செய்தேன். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் உறுதி என்று நினைப்பவர்கள் உண்டு. அதிரும் இடத்தில் நான் அதைச் செய்யமாட்டேன். ஈயம் ஊறிய பகுதி விறைத்துப்போய், அது முடியும் இடத்தில் கம்பி மறுபடி முறியும். புதிய கொக்கி மாட்டி, கம்பிக்குக் கொஞ்சம் தளர்வு விட்டேன். மற்ற ஐந்து கனெக்டர்களையும் அதே பல்பால் வளைத்து வளைத்துச் சோதித்தேன்.

அன்று மாலை அதே ஏற்றத்தில் உரிமையாளரையே ஓட்டச் சொல்லி, ஸ்கோப்போடு பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து ஏறின. வெட்டியெடுத்த கம்பித்துண்டை அவர் கையில் கொடுத்து, முதல்முறை காரணம் தெரியாமலேயே சரியாகிவிட்டது என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் துண்டை வளைத்து, உள்ளே இருந்த கறுத்த இழைகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில மாதங்கள் கழித்து ஆயில் மாற்ற வந்தார். வண்டியைப் பற்றி எந்தக் குறையும் சொல்லவில்லை. அவர் கேட்காமலேயே நான்காவது கம்பியில் கிளாம்பைக் கவ்வவிட்டுப் பார்த்தேன். 8 ஆம்பியர்.