ஒரு மூடித் தண்ணீர்

டயாலிசிஸ்காரன் யாத்திரை கிளம்ப வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டியது பஞ்சாங்கத்தை இல்லை, மெஷின் நாளை. எனக்குத் திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். வெள்ளிக்கிழமை எழுந்து வந்தால் திங்கள் வரை மெஷின் கிடையாது. அந்த நீண்ட இடைவெளிதான் எங்கள் ஆட்களுக்கு ஆகாதது. உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் முதலில் காலில் இறங்கும், அப்புறம் நெஞ்சில் கட்டும். எனக்குச் சிறுநீர் அறவே நின்றுவிட்டது. அதனால் ஒரு நாளைக்கு 500 மில்லி. குழம்பு, ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அதற்குள்ளேதான்.

இப்படி இருக்கும்போதுதான் மனைவி, "இந்த வருசம் அன்னம்மா கோயிலுக்குப் போய்ட்டு வந்துடலாங்க" என்றாள்.

அன்னம்மா கோயில் என்று அவள் சொல்வது புக்கிட் மெர்த்தாஜாமில் இருக்கும் புனித அன்னாள் ஆலயம். பினாங்கு மாநிலம்தான், ஆனால் தீவில் இல்லை, நிலப்பக்கம். ஜூலை 26 திருநாள். அதை ஒட்டி நவநாளும் பவனியுமாக ஊரே நிரம்பி வழியும். மனைவி கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், கத்தோலிக்கக் குடும்பம். சிறு வயதில் தோட்டத்து லாரியில் நின்றபடியே திருநாளுக்குப் போன கதையை முப்பது வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் கோலாலம்பூர் செந்தூல்காரன், மெத்தடிஸ்ட் சபை. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் செவ்வாய்க்கிழமையானால் புடு அந்தோணியார் கோயிலுக்குப் போவாள், நான் ஞாயிறு ஆராதனைக்குப் போவேன். அவள் செபம் என்பாள், நான் ஜெபம் என்பேன். அவளுக்கு மீட்பு, எனக்கு இரட்சிப்பு. வீட்டில் இதற்காகச் சண்டை வந்ததில்லை, என் நாக்கு சும்மா இருக்கும்வரை.

அன்றைக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. "வேதத்தில ரெண்டு அன்னாள் இருக்காங்க. ஒருத்தி சாமுவேலோட அம்மா, இன்னொருத்தி தேவாலயத்துல இருந்த விதவை. உங்க அன்னம்மா ரெண்டுலயும் இல்லயே" என்றேன். சொன்னது சரிதான். இயேசுவின் பாட்டி பெயர் வேதாகமத்தில் கிடையாது. இரண்டாம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்து வந்த பெயர் அது. அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை. "அவருக்குப் பாட்டியே இல்லயா என்ன?" என்றாள். இதற்கு வேதாகமக் கல்லூரியில் பதில் வைத்திருப்பார்களோ என்னவோ.

நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. அதை அவளிடம் சொல்லவில்லை.

எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒரு கேள்வி உண்டு. "இன்றிரவு உன் உயிர் போனால் எங்கே இருப்பாய்?" பதினேழு வயதில் கை தூக்கி, "கர்த்தரோடு இருப்பேன்" என்று சொன்னவன் நான். பிறகு அதே கேள்வியைப் பஸ்ஸிலும் வேலையிடத்திலும் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்! இரட்சிப்பின் நிச்சயம் இல்லாதவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறேன். உடம்பு நன்றாக இருந்த காலம் அது.

டயாலிசிஸ் சென்டரில் என் பக்கத்து நாற்காலி ஒரு சீனப் பெரியவருடையது. மூன்று வருசம் ஒன்றாகப் படுத்திருந்தோம். இரண்டு பேருக்கும் தெரிந்த மலாயில் மழையையும் மீன் விலையையும் பேசுவோம். ஒரு புதன்கிழமை நாற்காலி காலியாக இருந்தது. மிஸ்ஸி, அதாவது நர்ஸ், விரிப்பை மாற்றினார். வெள்ளிக்கிழமை அதில் வேறொருவர் இருந்தார். அன்று இரவு அந்தப் பழைய கேள்வி என்னிடமே வந்தது. பதில் தெரியும், மனப்பாடமாகத் தெரியும், வாயில் மட்டும் வரவில்லை. கர்த்தர் இல்லை என்று தோன்றியதா என்றால், அதுவும் இல்லை. பதில் சொன்ன பையனின் குரல் என்னிடம் இப்போது இல்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை கே.எல். சென்ட்ரலில் ஈடிஎஸ் ரயில் ஏறினோம். கையில் ஒரு பிளாஸ்க், அதில் ஐஸ் கட்டிகள். ஒரு கட்டி 15 மில்லி என்று வீட்டில் அளந்து வைத்திருக்கிறேன். தாகத்துக்குத் தண்ணீரைவிட ஐஸ் மேல், வாயில் கொஞ்ச நேரம் நிற்கும். ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள் தாண்டும்போது ஒன்று, தைப்பிங் தாண்டியதும் ஒன்று. மனைவி ஜன்னல் பக்கம் செபமாலை உருட்டிக்கொண்டு வந்தாள்.

கோயில் வாசலில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. வழி முழுக்கக் கடைகள். கரும்புச் சாறு, சிரப் பண்டுங், சென்டோல், பிளந்து வைத்த இளநீர். இளநீர் எனக்கு விஷம், பொட்டாசியம். பாலைவனத்தில் பிசாசு கல்லைக் காட்டினான். என்னைச் சோதிக்க ஐஸ் போட்ட கரும்புச் சாறு போதும்.

கூட்டத்தைச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரிலிருந்து பஸ் பஸ்ஸாகத் தமிழர்கள். மாண்டரினில் ஒரு பூசை முடிந்தால் தமிழில் ஒன்று, பிறகு ஆங்கிலம், மலாய். வேண்டுதலோடு வந்த இந்துக் குடும்பங்களும் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு நின்றன. 2002இல் கட்டி முடித்த புதுக் கோயில் மாட்டுக் கொம்புபோல் வளைந்த மினாங்கபாவ் கூரை வைத்துப் பிரம்மாண்டமாக இருக்கிறது. 2019இல் இதை பசிலிக்காவாக உயர்த்தினார்கள். என் மனம் என்னவோ 1888இல் பிரெஞ்சு மிஷனரிகள் கட்டிய பழைய சின்னக் கோயிலில்தான் ஒட்டியது. மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் இந்த வட்டாரத்தை ஆபத்தான கறுப்புப் பகுதி என்று அறிவித்ததால் இந்தக் கோயிலை மூடிவிட்டார்களாம். ஆள் நடமாட்டமில்லாமல் கிடந்து, பல வருசம் கழித்துத்தான் திறந்தது. அந்தச் சுவரில் கை வைத்து நின்றேன்.

வளாகத்திலேயே செரோக் தோக்குன் கல்வெட்டு இருக்கிறது. பல்லவ எழுத்தை ஒத்த எழுத்து வெட்டிய பாறை. ஜேம்ஸ் லோ என்கிற பிரிட்டிஷ் அதிகாரி 1845இல் கண்டு எழுதிவைத்தார். வெறும் மெழுகுவர்த்தி மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் தமிழர்கள் அந்தப் பக்கமும் கொஞ்சம் நடக்கலாம். வெட்டியவன் பெயர் தெரியாது, எழுத்து மழையில் மங்கிக்கொண்டிருக்கிறது.

மாலை நான்கு மணிக்குச் சிலுவைப் பாதை ஏறினோம். நான் ஏறியது என்பதைவிட ஒவ்வொரு நிலையிலும் உட்கார்ந்தேன் என்பது சரி. முன்னால் தோட்டத்துப் பெண்கள் கூட்டம் ஒன்று பழைய செபத்தைச் சொல்லிக்கொண்டு போனது. "உலகத்தை மீட்டு இரட்சித்தீரே" என்று ஒவ்வொரு நிலையிலும் முடிகிறது அது. மீட்டு, இரட்சித்தீர். அவள் வார்த்தையும் என் வார்த்தையும் ஒரே மூச்சில். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மரத்தைப் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நிலையில் நா வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிளாஸ்கில் ஒரே ஒரு கட்டி. இரவுக்கு வேண்டும். சிலுவையில் தொங்குகிறவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "என் பெலன் ஓட்டைப்போல் காய்ந்தது; என் நாவு மேல்வாயோடே ஒட்டிக்கொண்டது." இருபத்திரண்டாம் சங்கீதம். பெரிய வெள்ளி தோறும் கேட்டது, நானே ஒரு தடவை வாசித்தது. அது நாக்கைப் பற்றியது என்பது அன்றுதான் உறைத்தது.

யோவான் எழுதியதை மனதுக்குள் வரிசையாக வைத்துப் பார்த்தேன். "தாகமாயிருக்கிறேன்" என்கிறார். ஜீவத்தண்ணீர் தருகிறேன் என்று சமாரியப் பெண்ணிடம் சொன்னவர். கடற்காளானைக் காடியில் தோய்த்து, ஈசோப்புத் தண்டில் மாட்டி, வாயினிடத்தில் நீட்டுகிறார்கள். எங்கள் சென்டரில் உதட்டை நனைத்துக்கொள்ள ஈரத்துணி கொடுப்பதுபோல. அதை வாங்கிய பிறகுதான், "முடிந்தது" என்கிறார்.

ஆறு வருசத்துக்கு முன் ஒரு தமிழ் டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டு கிட்னியும் முடிஞ்சிடுச்சு அங்கிள்" என்றார். அன்றிலிருந்து எனக்கு அந்தச் சொல்லே ஆகாது. ஆனால் தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறதே! செந்தூல் வீட்டுக் கடனை இருபத்தைந்து வருசம் கட்டி முடித்த அன்று, பேங்க் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "முடிஞ்சுது புள்ள" என்று நான்தானே கத்தினேன். மனைவி அன்று பாயசம் வைத்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் நான் காய்ச்சலில் கிடந்தேன், வேலையில்லாமல் இருந்தேன், சோர்ந்து போய் வேதத்தையே திறக்காமல் இருந்தேன். வீடு எங்களுடையதாகத்தான் இருந்தது. என் குரல் தெம்பாக இருக்கிறதா என்று பேங்க் கேட்கவில்லை.

பதினேழு வயதில் கை தூக்கியதை நான் நிச்சயம் என்று நினைத்திருந்தேன். அவர் நாக்கு ஒட்டிக்கொண்ட நிலையில் சொன்ன ஒற்றைச் சொல்லில் அது ஏற்கனவே கட்டி முடிந்திருந்தது. பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கும் நாக்கு வறண்டுதான் இருந்திருக்கும். அவரிடம் அவன் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்தான்.

"எந்திரிக்கிறீங்களா?" என்றாள் மனைவி.

"கொஞ்ச நேரம் இரு" என்றேன்.

இரவு பவனியில் எனக்கும் ஒரு மெழுகுவர்த்தி கொடுத்தார்கள். வலது கையில் பிடித்துக்கொண்டேன். அன்னம்மாளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, அது எனக்குப் பழக்கமும் இல்லை. ஆனால் அணைக்கவும் இல்லை. நெரிசலில் ஒரு வயதான அம்மா தடுமாறி என் இடது கையைப் பிடித்தார். ஃபிஸ்டுலா இருக்கும் கை, டயாலிசிஸ் ஊசிக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்த இடம். தொட்டால் தோலுக்கடியில் ரத்தம் வண்டு மாதிரி ரீங்கரிக்கும். அவர் பயந்து போனார்.

"என்ன தம்பி, கை உறுமுது?"

"உறுமணும்மா. நின்னாதான் ஆபத்து."

விவரம் சொன்னேன். அவர் கையை எடுக்கவில்லை. அந்த உறுமலின் மேலேயே விரல்களை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மணி உருட்டியபடி, பவனி முடியும்வரை என்னோடு நடந்தார். எந்த ஊர் என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை மனைவி கோயிலில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்தாள். எல்லாரும் பிடிக்கிறார்கள். பாட்டில் மூடியைக் கழற்றி, அதில் ஊற்றி, "உங்க கணக்குல சேத்துக்குங்க" என்று நீட்டினாள். ஒரு மூடி, 5 மில்லி இருக்கும். விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தேன், ரயில் ஏறும்வரை என்றால் நம்ப மாட்டீர்கள்.

திங்கட்கிழமை தராசில் ஏறினேன். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஏறியிருந்தது. மிஸ்ஸி, "பாகுஸ், அங்கிள்" என்றார், நல்லது என்று மலாயில். பக்கத்து நாற்காலியில் புதிதாக ஒரு தமிழ்ப் பையன், முப்பது வயது இருந்தால் அதிகம். ஊசி போட்டு முடித்ததும் என் பக்கம் திரும்பினான்.

"அங்கிள், இந்தத் தாகம் எப்ப நிக்கும்?"

"நிக்காது தம்பி" என்றேன். பிளாஸ்கைத் திறந்து ஒரு கட்டியை எடுத்து அவன் பக்கம் நீட்டினேன்.