வேருக்கு கீழ எதுன்னு எப்படித் தெரியும்? பயறை வச்சு பாத்தோம்

2025 ஜூன்ல நம்ம விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா ஆக்ஸியம்-4 பயணத்துல விண்வெளி நிலையம் போய் பச்சைப்பயறும் வெந்தயமும் முளைக்க வச்சாருன்னு கிளாஸ்ல சொல்லிட்டிருந்தேன், மன்னார்குடி பக்கம் எங்க ஸ்கூல், பாதிக்கு மேல விவசாய வீட்டுப் பசங்க. ஒரு பொண்ணு எழுந்து, "சார், தாளடி நெல் அறுப்புக்கு முன்னாடி அப்பா ஈரத்துல பயறு தெளிப்பாங்க, எப்படி விழுந்தாலும் வேர் கீழதான போகுது, அங்க கீழன்னே ஒண்ணு இல்லையே, வேர் எங்க போகும்?"னு கேட்டுச்சு. இதுக்கு வாயாலயே பதில் சொல்லிட்டுப் போக மனசு வரல, செஞ்சே பாத்துடுவோம்னு எறங்கிட்டோம்.

400 கிலோமீட்டர் மேல போனாலும் ஈர்ப்பு கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கு, நிலையமும் உள்ள இருக்கவங்களும் சேர்ந்து விழுந்துட்டே இருக்கறதாலதான் மிதக்கறாங்க. அதை நம்மளால இங்க செய்ய முடியாது. ஆனா வேர் நுனி செல்லுக்குள்ள மாவுமணி இருக்கு, அது எந்தப் பக்கம் படியுதோ அதான் வேருக்கு கீழ. விதையை மெதுவா சுத்திட்டே இருந்தா மணி ஒரு பக்கமா படியாது. இதுக்குப் பேரு கிளினோஸ்டாட்.

மோட்டாருக்கு ரிப்பேர் கடையில பழைய மைக்ரோவேவ் அவன்ல தட்டு சுத்தற மோட்டார் வாங்கினோம், நிமிஷத்துக்கு 5, 6 சுத்துதான். அது 230 வோல்ட், அதனால வயர் வேலை முழுக்க நான்தான், பசங்கள தொட விடல. மோட்டாரை படுக்க வச்சு டிபன் டப்பா மூடியை வண்டிச் சக்கரம் மாதிரி நிமிர்ந்து சுத்தற மாதிரி மாட்டி, ஈரப்பஞ்சு, ஊறின பயறு, மேல கொசுவலைத் துணி. ஒரு பக்கம் கனம் கூடினா சுத்து விட்டு விட்டு வருது, அதுக்கு எதிர்ப்பக்கம் காசு ஒட்டி சரி பண்ணினாங்க பசங்க, அந்தப் பொறுமை எனக்கே வராது! வெளிச்சம் பட்டா தண்டு அந்தப் பக்கம் திரும்பிடும்னு கறுப்புத் துணி மூடி, பக்கத்துல சுத்தாம நிக்கற இன்னொரு மூடியும் வச்சோம்.

ராத்திரி மழையில கரண்ட் போய் முதல் பேட்ச் வேரெல்லாம் கீழ வளைஞ்சிருச்சு, பசங்களுக்கு அழுகையே வந்துச்சு. அடுத்தது இன்வெர்ட்டர்ல போட்டோம். நின்ன மூடியில அத்தனை வேரும் கீழ, சுத்தின மூடியில ஒவ்வொண்ணும் விதை பாத்த திசைக்கே, ரெண்டு மூணு மேல நோக்கி, ஒண்ணு சுருண்டு! அந்தப் பொண்ணு கண் எடுக்காம பாத்துட்டே இருந்துச்சு.

அப்ப இதையே சுத்தி விட்டா போதாதா சார், எதுக்கு மேல போகணும்னு ஒருத்தன் கேட்டான். இதுல அங்க மாதிரி மிதக்கற நிலை வராது, ஈர்ப்பு இழுக்கற திசைதான் விதைக்கு மாறிட்டே இருக்கு. நெருப்பை எடுத்துக்கோங்க, சூடான காத்து மேல ஏறறதாலதான் சுடர் நீளமா நிக்குது, மோட்டார்ல சுத்தினா அது மாறாது. கல்பனா சாவ்லாவோட 2003 பயணம் ஆராய்ச்சிக்குன்னே போனது, 16 நாள், 7 பேர் ரெண்டு ஷிப்ட்டா வேலை பாத்தாங்க, அதுல சுடர் உருண்டையா எரியறதையும் ஆராய்ச்சி பண்ணாங்கன்னு சொன்னேன். அவங்க யாரும் திரும்பி வரலைன்னு சொன்னப்ப கிளாஸ்ல சத்தமே இல்ல, நான் அதை மறைக்கவும் விரும்பல.

அடுத்து வெந்தயம் போடறோம், விதை சின்னது, பஞ்சுக்குப் பதிலா வடிதாள் நல்லா நிக்கும்னு தோணுது. யாராவது செஞ்சிருந்தா சொல்லுங்க.