தோள்வலி: வலிக்கும் இடத்தை விட வலிக்கும் அசைவு முக்கியம்

ஆறு வாரம் ஓய்வு, தைலம், மாத்திரை எல்லாம் ஆயிற்று. வலியும் போன மாதிரி இருந்தது. மறுபடி பேட்மின்டன் ராக்கெட்டைத் தொட்ட மூன்றாம் நாள் அதே வலி. விளையாடுபவர்களும் ஜிம்முக்குப் போகிறவர்களும் இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டு, கடைசியில் நேராக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் கையை அசைத்துப் பார்த்தே நிறையக் கண்டுபிடிக்கலாம்.

எங்கே வலி என்று கேட்டால், பலர் மேல்கையின் வெளிப்பக்கத்தை உள்ளங்கையால் தடவிக் காட்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது. தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரொட்டேட்டர் கஃப் தசைகள் நான்கு. அவற்றை எலும்போடு இணைக்கும் தசைநாண்களில் நோவு வந்தால், அது கீழே இறங்கி மேல்கையில்தான் தெரியும். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது 60 முதல் 120 டிகிரிக்குள் வலித்து, அதைத் தாண்டியதும் குறைந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும்.

ஒற்றை விரலால் தோளின் உச்சி மேட்டைத் தொட்டுக் காட்டுகிறவர்களுக்கு விஷயம் வேறு. அது காரை எலும்பும் தோள்பட்டை எலும்பும் சேரும் சிறிய மூட்டு. கையை நெஞ்சுக்குக் குறுக்கே மறுதோள் பக்கம் இழுத்தால் அதே புள்ளியில் சுருக்கென்று வலிக்கும். கனமாக பெஞ்ச் பிரஸ், டிப்ஸ் செய்பவர்களுக்குக் காரை எலும்பின் நுனியே அரித்துப்போவதும் உண்டு.

எல்லாவற்றிலும் அதிகம் பயன்படும் சோதனை ஒன்று இருக்கிறது. நின்றபடி இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, 90 டிகிரி மடக்கி, முன்னங்கைகளை இரட்டைக் கதவு திறப்பதுபோல வெளியே விரியுங்கள். முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது, இடுப்பு திரும்பக் கூடாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வலிக்கும் பக்கம் குறைவாக விரிந்தால், கையைத் தளர விட்டு, இன்னொருவரை மெதுவாக வெளியே நகர்த்தச் சொல்லுங்கள். அவர் நகர்த்தியும் கை சுவரில் முட்டியது போல நின்றுவிட்டால் சிக்கல் மூட்டிலேயே இருக்கிறது: ஃப்ரோசன் ஷோல்டர் (மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிப்போவது) அல்லது மூட்டுத் தேய்மானம். இரண்டையும் பிரித்துக் காட்ட எக்ஸ்ரே பெரும்பாலும் போதும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஃப்ரோசன் ஷோல்டர் அதிகம் வருவதால், 40 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்கள் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுவது நல்லது. வலி உச்சத்தில் இருக்கும்போது முரட்டுத்தனமாக இழுத்து நீட்டினால் அது இன்னும் மோசமாகும்.

கை முழுதாக விரிகிறதா? இப்போது இன்னொருவர் உங்கள் முன்னங்கையை உள்பக்கம் தள்ளட்டும், நீங்கள் எதிர்த்து நில்லுங்கள். வலித்தாலும் பலம் குறையவில்லை என்றால் தசைநாண் நோவு. வலி பெரிதாக இல்லாமல் கை தானாகச் சரிந்தால் கிழிசலோ நரம்புக் கோளாறோ இருக்கலாம். வாலிபால் ஆடுபவர்களில் சிலருக்குத் தோள்பட்டை எலும்பின் பின்பக்கத் தசை வற்றிப் பள்ளம் விழுந்திருக்கும். சட்டையைக் கழற்றிப் பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

கழுத்தை மறக்கக் கூடாது. வலி முழங்கைக்குக் கீழே இறங்கி, விரல்கள் மரத்து, கையைத் தூக்கித் தலைமேல் வைத்ததும் இதமாக இருந்தால் நரம்பு கழுத்தில் அழுந்துகிறது. தோளுக்கு எத்தனை பயிற்சி செய்தும் பலன் இருக்காது.

விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியாவிட்டால் தள்ளிப்போடாமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தாலும் அப்படியே. மாடிப்படி ஏறும்போது தோளில் வலி வந்து, நின்றால் விட்டால் இதயத்தைப் பார்க்க வேண்டும். நெஞ்சு இறுக்கம், வியர்வையும் சேர்ந்தால் உடனே அவசர சிகிச்சைதான்.

தசைநாண் என்று தெரிந்தபின் அடுத்த கேள்வி: வலி தொடங்குவதற்கு முந்தைய ஆறு வாரத்தில் என்ன மாறியது? நீச்சலில் கைத்துடுப்பு சேர்ந்ததா, ஸ்மாஷ் பயிற்சி இரட்டிப்பானதா, பெஞ்ச் பிரஸ்ஸில் பிடி அகலமானதா? பிடி, தோள் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டாமல், முழங்கை உடம்புக்கு 45 டிகிரியில் இருந்தாலே பலருக்குச் சுமை குறையும். முழு ஓய்வு எடுத்தால் தசைநாண் இன்னும் பலவீனமாகும். ஆறு வாரம் சும்மா இருந்தவருக்கு மூன்றாம் நாளே வலி திரும்புவது அதனால்தான். பயிற்சியில் பத்துக்கு மூன்று அளவு வலி பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் தூக்கும் எடையைக் குறைக்க வேண்டும்.

இப்படிப் படிப்படியாகச் சுமை ஏற்றி 12 வாரமாகியும் மாற்றமே இல்லையென்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். வலியே இல்லாத தோள்களிலும், குறிப்பாக 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, கிழிசல் தெரிவது சாதாரணம். அதனால் ரிப்போர்ட்டில் உள்ள கிழிசல், மேலே செய்த சோதனையில் வலித்த அதே தசையில்தான் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.