எலெக்ட்ரோடு தேயும் நொடி

மின்சாரத்தால் கொதிக்கும் வாயுவை வைத்து இரும்பை வெட்டுவது பிளாஸ்மா கட்டிங். அதில் எலெக்ட்ரோடு ஒன்று சீக்கிரம் போய்விட்டால், பட்டறையில் எல்லாரும் எத்தனை மணி நேரம் ஓடியது என்றுதான் கணக்குப் பார்ப்பார்கள். நான் ஆபரேட்டரிடம் முதலில் கேட்பது, ஆர்க் (எலெக்ட்ரோடிலிருந்து இரும்புக்குப் பாயும் மின்வில்) எத்தனை முறை அணைந்தது, எப்படி அணைந்தது என்பதை. திருச்சி துவாக்குடிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் கட்டிங் மெஷின்களைப் பராமரிப்பது என் தொழில். கழற்றிய எலெக்ட்ரோடின் முகத்தைப் பார்த்தாலே அந்த மெஷினை எப்படி நடத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

மெஷினின் வெட்டும் தலைதான் டார்ச். காற்றிலோ ஆக்சிஜனிலோ வெட்டும் டார்ச்சில் எலெக்ட்ரோடு என்பது செம்பால் ஆனது. முனையின் நடுவில் சிறிய பொட்டு மாதிரி ஹாஃப்னியம் என்ற உலோகம் பதிந்திருக்கும். ஆர்க் பிறப்பது அங்கிருந்துதான். 1950களில் அமெரிக்காவில் பிளாஸ்மா கட்டிங் தொடங்கியபோது டங்ஸ்டன் எலெக்ட்ரோடைத்தான் பயன்படுத்தினார்கள். டங்ஸ்டன் 3,422 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஆனால் ஆக்சிஜன் பட்டால் உண்டாகும் அதன் ஆக்சைடு 1,473 டிகிரியிலேயே உருகி, ஆவியாகவும் பறந்துவிடும். ஹாஃப்னியம் 2,233 டிகிரியில் உருகுகிறது, அதன் ஆக்சைடோ 2,700 டிகிரிக்கு மேலும் தாங்குகிறது. டங்ஸ்டனைத் தின்றுவிடும் அதே காற்று, ஹாஃப்னியத்தின் மேல் ஒரு காப்புப் படலத்தைப் போட்டுவிடுகிறது. இந்த உலோகம் இயற்கையில் தனியாகக் கிடைப்பதில்லை, சிர்க்கோனியத்தோடு கலந்தே இருக்கும். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் எடுக்கும் சிர்க்கான் என்ற கனிமத்திலும் கொஞ்சம் ஹாஃப்னியம் உண்டு என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஆர்க் எரியும்போது ஹாஃப்னியத்தின் முகம் உருகிக் குளமாக நிற்கிறது. பின்புறம் தண்ணீரோ காற்றோ செம்பைக் குளிர்விக்கிறது. ஸ்வர்ல் ரிங்கில் புகுந்து சுழன்று வரும் வாயு, ஆர்க்கை அசையாமல் நடுவில் நிறுத்துகிறது. இப்படிச் சீராக எரியும் வரை தேய்மானம் குறைவுதான். ஆர்க் பற்றும் நொடியில் உறைந்து கிடந்த ஆக்சைடு திடீர் சூட்டில் வெடித்துக் கொஞ்சம் உதிர்கிறது. அணையும் நொடி அதைவிட மோசம். கரண்ட் சட்டென்று நின்று, வாயு மட்டும் முழு வேகத்தில் பாய்ந்தால், உருகிய ஹாஃப்னியத்தை அது துளிகளாகப் பிய்த்து வெளியே தள்ளிவிடும். அதனால்தான் நல்ல மெஷின்களில் கரண்டையும் வாயு அழுத்தத்தையும் சேர்த்துப் படிப்படியாக இறக்குகிறார்கள். குளம் உறைவதற்கு நேரம் கிடைக்கிறது.

ஆனால் டார்ச், வெட்டும் இரும்புத் தகடான பிளேட்டின் ஓரத்தைத் தாண்டி வெளியே ஓடிவிட்டால் இந்த ஏற்பாடெல்லாம் வீண். ஆர்க்கின் மறுமுனை நிற்க இரும்பு இல்லை. அது நீண்டு, இழுபட்டு, அறுந்துவிடுகிறது. கரண்டை இறக்க மெஷினுக்கு நேரமே கிடைப்பதில்லை.

“பீஸ் சரியாகத்தானே விழுந்தது அண்ணா?” என்று, இப்படி ஓரம் தாண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பி கேட்டான்.

“பீஸ் சரிதான் தம்பி. ஒவ்வொரு பீஸுக்கும் எலெக்ட்ரோடில் ஒரு துண்டைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய்” என்றேன். அவனோடு உட்கார்ந்து, வெட்டு பிளேட்டுக்குள்ளேயே முடியும்படி லீட்-அவுட்டை, அதாவது வெட்டை முடித்து டார்ச் வெளியேறும் வழியை, மாற்றினோம். பட்டறைக்காரர்கள் விலை குறைந்த எலெக்ட்ரோடு தேடி அலைவதைவிட புரோகிராம் போடுபவரிடம் ஒரு மணி நேரம் பேசுவது லாபம் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று பலர் கவனிக்காதது. டார்ச்சின் உயரத்தை மெஷின் ஆர்க் வோல்ட்டேஜை வைத்துத்தான் அறிகிறது. ஹாஃப்னியத்தில் குழி ஆழமாக ஆக, ஆர்க்கின் வேர் உள்ளே போகிறது, ஆர்க் நீள்கிறது, வோல்ட்டேஜ் ஏறுகிறது. டார்ச் மேலே போய்விட்டது என்று மெஷின் எடுத்துக்கொண்டு அதைக் கீழே இறக்குகிறது. வெட்டின் சாய்வு மாறும், நாசில் (ஆர்க் வெளியே வரும் துளையுள்ள முனை) பிளேட்டை நெருங்கும். நெருக்கம் மிஞ்சினால் ஆர்க் இரண்டாகப் பிரியும்: எலெக்ட்ரோடிலிருந்து நாசிலுக்கு ஒன்று, நாசிலிலிருந்து பிளேட்டுக்கு இன்னொன்று. நாசில் துளையின் விளிம்பு அரித்து, வட்டம் கோணலாகிவிடும். துளை கோணலானால் ஆர்க்கும் சாயும். நாசில் கெட்டது கண்ணுக்குத் தெரிகிறது, அதையே மாற்றுகிறார்கள். காரணமான எலெக்ட்ரோடு உள்ளேயே இருக்கும். எலெக்ட்ரோடு தேயத் தேய, மெஷினில் வைத்த வோல்ட்டேஜ் அளவைச் சில வோல்ட் உயர்த்திக்கொண்டே வர வேண்டும்.

மழைக்காலத்தில் கம்ப்ரசர் டேங்கின் தண்ணீரைத் தினமும் வடித்துவிடுங்கள். ஈரமும் எண்ணெயும் கலந்த காற்று எலெக்ட்ரோடையும் நாசிலையும் சேர்த்தே கெடுக்கும்.

குழியின் ஆழத்தை டெப்த் கேஜால் அளந்து பாருங்கள். சாதாரணச் செம்பு எலெக்ட்ரோடில் 1 மில்லிமீட்டரை நெருங்கினால் மாற்றிவிடலாம். அளக்காமல் ஓட்டினால் ஒருநாள் ஆர்க்கில் பச்சை ஒளி பளிச்சிடும். ஹாஃப்னியம் தீர்ந்து செம்பே எரிகிறது என்று பொருள். அப்போது வெட்டு பாதியில் இருந்தாலும் உடனே நிறுத்துங்கள். இன்னும் ஓட்டினால் டார்ச்சே போய்விடும்.