தேதி மாறியதால் திறக்காத பக்கங்கள்

மூன்று நாளாக வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு இணையப் பக்கமும் திறக்கவில்லை. அதே வைஃபையில் கைப்பேசி நன்றாக ஓடியது. மோடத்தை அணைத்துப் போட்டேன், பிரவுசரை அழித்து மறுபடி ஏற்றினேன். ம்ஹூம். ‘பாதுகாப்பான இணைப்பு இல்லை’ என்றே வந்தது.

அப்புறம்தான் திரையின் வலது மூலையைக் கவனித்தேன்: 01-01-2012. ‘இது உண்மையான தளம்தான்’ என்று பிரவுசருக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2012-இல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு இன்றைய சான்றிதழ் செல்லாது. தேதியைத் திருத்தியதும் எல்லாம் திறந்தது.

மறுநாள் காலை சுவிட்சைப் போட்டால் மீண்டும் 2012! கம்ப்யூட்டருக்குள் இருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டில், மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது. 3 வோல்ட், ஒரு ரூபாய்க் காசு அளவுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, பேட்டரியின் ஓரத்துக் கொக்கியை நகத்தால் தள்ளினேன். துள்ளி வெளியே வந்தது. புதியதைப் போட்டு, தேதியை இன்னொரு முறை சரிசெய்தேன். அம்மாவின் பென்ஷன் பக்கம் சட்டென்று திறந்தது.